ராஜ்தூத் 350: ஆறு நிமிடம் நின்ற முள்

என் ராஜ்தூத் 350 எஞ்சினில் காற்று கசிகிறதா என்று பார்க்க, நேற்று இரவு பத்து மணிக்கு உள்ளே காற்றடித்து, அழுத்தம் காட்டும் முள்ளை 300-இல் நிறுத்திவிட்டு, கைப்பேசியில் ஆறு நிமிடம் வைத்தேன். மணி அடித்தபோது முள் 294-இல் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை காற்றடித்தேன். இந்த முறை 295. நான்கு மாதமாக இந்த வண்டியில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். டேங்க் பெயின்ட் அடித்து வந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

வண்டி 1987 எல்டி (லோ டார்க்) மாடல். ஜப்பானில் 39 குதிரைசக்தியோடு பிறந்த யமஹா ஆர்டி350, இங்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி கைக்கு வந்து ராஜ்தூத் 350 எச்டி (ஹை டார்க்) என்று 30.5 ஆனது, அப்புறம் எல்டி என்று 27 ஆனது. எல்டி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் கிடையாது. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பாடும் சத்தம் எல்டியிலும் அதேதான்.

கிராங்க், கனெக்டிங் ராட், ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன் எல்லாம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டன. பிஸ்டனை லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கு ஏற்ற மாதிரி போர் செய்யச் சொன்னேன். அவரும் பொறுமையாகச் செய்து கொடுத்தார். அதனால்தான் சென்னை பாடி மேம்பாலம் ஏறும்போது இடது பக்க பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டபோது எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. புது போருக்குப் பிறகு ஓடியது மொத்தம் 11 கிலோமீட்டர். பின்சக்கரம் ஒரு நொடி இழுத்தது, கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, ஓரமாக வந்து நின்றேன். வில்லிவாக்கம் வரை தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தால் வலது பக்கம் நல்ல காப்பிக்கொட்டை நிறம், இடது பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, அதாவது அந்தப் பக்கம் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகியிருக்கிறது. இடது பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நான்கு கோடு. நல்லவேளையாக பிளாக்கில் ஒட்டியிருந்த அலுமினியம்தான் அதிகம், கீறல் ஆழமில்லை. ஹோனிங் போட்டு (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து), பிஸ்டனை மட்டும் மாற்றியதோடு தப்பித்தேன்.

அதற்கு அப்புறம் மூன்று வாரத்தை கார்புரேட்டரில் வீணாக்கினேன். இதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆர்டி வைத்திருக்கிற பாதிப் பேர் இப்போது இந்த மூன்று வாரத்தில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன். மிதவை உயரம் பார்த்தேன். ஆயில் பம்ப் கேபிளை இரண்டு முறை செட் செய்தேன். டயல் கேஜ் வைத்து டைமிங் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் ஸ்லோவுக்கு இறங்காமல் மேலேயே கத்திக்கொண்டிருக்கும். கடைசியில் இடது கார்புரேட்டரை வலது பக்கத்துக்கும் வலதை இடது பக்கத்துக்கும் மாற்றிப் போட்டேன். வெள்ளை பிளக் இடது பக்கமே இருந்தது. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். கார்புரேட்டர் குற்றவாளி என்றால் வெள்ளை அதோடு கூடவே போயிருக்க வேண்டும்.

ஆக, எங்கேயோ காற்று இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் சேம்பரே (கிராங்க் சுற்றும் அறை) ஒரு பம்ப், அதில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கலவை நீர்த்துப்போகும் என்பது தெரிந்ததுதான். எங்கே என்பதுதான் கேள்வி. வலது கிராங்க் சீல் (கிராங்க் முனையைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விடும், அது இல்லை. இடது பக்க சீல் இருப்பது ஆயில் இல்லாத வறண்ட பக்கம், அங்கே ஓட்டை விழுந்தால் வெறும் காற்றுதான் போகும். ஆனால் சீல் புதுசு. போட்டவன் நான். அதனால் அங்கே சந்தேகமே வரவில்லை.

இனி கருவிக்கு வருகிறேன். சேம்பரில் 6 பிஎஸ்ஐ காற்றை அடைத்து, 6 நிமிடம் நிற்கிறதா பார்க்க வேண்டும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் கேஜ் கடையில் கேட்டால், 100 பிஎஸ்ஐ டயலை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் 6 என்பது முள்ளின் தடிமன்கூட இல்லை. வீட்டு அலமாரியில் அம்மாவின் பழைய டயல் பி.பி. மெஷின் இருந்தது. அதன் கடைசிக் கோடு 300 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 5.8 பிஎஸ்ஐ. இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. காற்றடிக்க ரப்பர் பல்ப், காற்றை விட திருகு, இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அந்த ட்யூபை மட்டும் எடுத்துக்கொண்டேன். 300-க்கு மேல் ஏற்றவே கூடாது; அதிகம் போனால் நல்ல சீலையே வெளியே தள்ளிவிடும்.

அடைப்புகளுக்குத்தான் அதிக நாள் போனது. எக்ஸாஸ்ட் வாய் இரண்டுக்கும் லாரி ட்யூப் ரப்பர், அதன் மேல் அலுமினியத் தகடு, எக்ஸாஸ்ட் ஸ்டட்டிலேயே நட்டு போட்டு இறுக்கினேன். கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் மேனிஃபோல்டை விட்டுவிடக் கூடாது, அதுவும் வெடித்திருக்கலாம். அதனால் அதன் வாயில்தான் நைலான் கட்டையை லேத்தில் கடைந்து செருகிக் கிளாம்ப் போட்டேன். இடது கட்டையில் ஒரு துளை, அதில் பித்தளை நிப்பிள், அதில் பி.பி. ட்யூப். ஒரு பக்கத்தை மட்டும் தனியாகச் சோதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆர்டி கிராங்கின் நடுவில் இருப்பது உரசாத லேபிரிந்த் சீல். நிற்கும் காற்று அதன் வழியாக மெதுவாக மறுபக்கம் போய்விடும். நான்கு வாயையும் ஒன்றாக அடைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

முதல் முறை: 300-இலிருந்து 50 நொடியில் 40. பயந்துபோய்விட்டேன். அப்புறம்தான் கருவியையே தனியாக வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், நிப்பிளிலேயே குமிழி. அதைச் சரிசெய்த பிறகு ஒரு நிமிடத்துக்கு 70 இறங்கியது. இது நிஜமான ஓட்டை.

எங்கள் தெருவில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஷேவிங் பிரஷ் எடுத்து வந்தார். "தண்ணி ஓடிப்போயிடும் தம்பி. நுரைதான் நிக்கும்" என்றார். உண்மை. கெட்டி நுரையைத் தடவினால் மெல்லிய காற்றும் அதில் கண் திறந்து காட்டுகிறது. ஹெட், பிளாக் அடி கேஸ்கட், ரீடு வால்வு பெட்டி, ஆயில் பம்ப் குழாய் போல்ட், மேனிஃபோல்ட் எல்லாம் தடவினோம். ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் பிரீதரில் ட்யூப் மாட்டி தண்ணீர் டம்ளரில் விட்டுப் பார்த்தேன், குமிழி வரவில்லை. வலது சீல் சுத்தம்.

"இடது பக்கம் ரோட்டரைக் கழட்டினியா?"

"அந்த சீல் புதுசு சார்."

"புதுசா இருந்தா காத்து விடாதா? கழட்டிப் பாரு தம்பி."

கழற்றினேன். ரோட்டர் (மின்சாரம் தரும் சுழல் சக்கரம்) மறைத்திருந்த சீலில் நுரை தடவினேன். சீலின் லிப்பில் (கிராங்கைத் தொடும் உள் விளிம்பு) எதுவும் இல்லை. சீலின் வெளிவட்டத்தில், மேல் சேம்பரும் கீழ் சேம்பரும் சேரும் கோடு வந்து சீலைத் தொடுகிற மூலையில், கடுகு கடுகாகக் குமிழி பூத்துக்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

மறுபடி பிளாக் கழற்றி, சேம்பரைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. எனக்கு முன்னால் யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித் திறந்திருக்கிறார்கள். அந்த மூலையில் உலோகம் ஒரு மயிரிழை மேடாகி இருந்தது. அந்த மேட்டை நான் கவனிக்காமல் மூடியிருக்கிறேன். முன்னவர் அதை மறைக்கத்தான் கேஸ்கட் சிலிக்கானை அவ்வளவு கெட்டியாக அப்பியிருக்கிறார் போல. தயவுசெய்து டூ ஸ்ட்ரோக் சேம்பரில் சாதாரண சிலிக்கான் போடாதீர்கள். பெட்ரோல் பட்டால் ஊறி, பிதுங்கி, துண்டு துண்டாகக் கிராங்க் பக்கம் போகும்.

மேட்டை ஆயில் கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். நகத்தை ஓட்டிப் பார்ப்பது, இரண்டு தேய்ப்பு, மறுபடி நகம். ஒரு மாலை முழுக்க இதுவே. சேரும் முகம் இரண்டையும் தின்னர் போட்டுத் துடைத்து, யமாபாண்ட் என்ற யமஹா பசையை விரல் நுனியால் பார்வைக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தடவினேன். சீல் உட்காரும் நான்கு மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு அதிகம். போல்ட்டுகளை சேம்பரில் வார்த்திருக்கும் எண் வரிசைப்படி, மூன்று சுற்றாக டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினேன். ஒரு நாள் முழுக்க தொடவில்லை.

அப்புறம் நடந்த ஒன்று. பகலில் மாடி ஷெட்டில் சோதித்தபோது முள் இறங்குவதற்குப் பதிலாக 300-ஐத் தாண்டி ஏறியது! தகரக் கூரை வெயிலில் எஞ்சின் சூடாகி, உள்ளே இருந்த காற்றும் சூடாகியிருக்கிறது. கணக்குப் போட்டால் இந்த அழுத்தத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் மாறும். சூடு ஏறும்போது சோதித்தால் சின்ன ஓட்டை மறைந்துவிடும். அதனால் இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, எஞ்சின் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பாருங்கள். நேற்றைய 294 அப்படி வந்ததுதான்.

சீல் வாங்கிய கதையும் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கடையில் கொடுத்த ஜோடியில் ஜப்பான் பெயர் அச்சிட்டிருந்தது, லிப் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பு. அதை நான் போடவில்லை. யமஹா ஆர்டி350 1973 முதல் 75 வரை அமெரிக்காவில் விற்ற வண்டி என்பதால் அங்கே இன்றும் புதிதாக சீல் செட் செய்து விற்கிறார்கள். வரவழைக்கும் செலவு அதிகம்தான், ஆனால் மறுபடி சேம்பர் பிரிக்கும் வலியோடு பார்த்தால் மலிவு. புதுப்பேட்டையில் பழைய ரோட்டர், ஃபுட்ரெஸ்ட், ஹெட்லைட் கிண்ணம் இவையெல்லாம் பொறுமையாகத் தேடினால் கிடைக்கின்றன. கேபிள், போல்ட், பேரிங்குக்கு ஜி.பி. ரோடு. பாயின்ட் செட் (தீப்பொறியின் நேரத்தை முடிவு செய்யும் தொடுமுனை) டெல்லி கரோல் பாக்கிலிருந்து பார்சலில் வர வேண்டும், பதினைந்து நாளாகக் காத்திருக்கிறேன்.

இப்போது பங்க்கில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இருந்தால் கலவை இன்னும் கொஞ்சம் நீர்த்துப்போகும், பழைய ரப்பரும் தாங்காது. பெட்ரோல் டேப் வாஷர்களை மாற்றிவிட்டேன். நான் பெரிதாக்கிய மெயின் ஜெட்டை இந்த ஒரு காரணத்துக்காக அப்படியே விட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். பிளக் என்ன நிறம் காட்டுகிறதோ அதன்படி.

அப்புறம் முன் பிரேக். எஸ்கார்ட்ஸ் டிஸ்க்கை எடுத்துவிட்டு இரட்டை கேம் டிரம் வைத்தார்கள். அதை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அது சரியாக செட் செய்யாத குறை என்றுதான் தோன்றுகிறது. இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்ய ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். சக்கரத்துக்கு ஸ்போக் கட்டி வந்ததும் முதல் வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அவன் நண்பனையும் வரச் சொல்லியிருக்கிறேன், எஞ்சினை ஃபிரேமில் ஏற்ற. சனிக்கிழமை இரவு இன்னொரு முறை காற்றடிப்பேன். அம்மா பி.பி. மெஷினைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு இதை டூல்பாக்ஸிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.