பத்துச் சட்டம், 320 மில்லிமீட்டர்

தேனீப் பெட்டியின் மேல் வரிசையாக அடுக்கும் மரச் சட்டங்களை அறுத்து விற்கிறேன்; ஒவ்வொன்றின் அடியிலும் தேனீ ஓர் அடை கட்டித் தொங்கவிடும். போன மாதம் விற்றவை திரும்பி வந்துவிட்டன. 960 மி.மீ. நீளப் பெட்டிக்கு 32 மி.மீ. அகலத்தில் 30 சட்டம். 29 இறங்கிவிட்டதாம், கடைசி ஒன்று மற்றவற்றின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் வாங்கியவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் உறைத்தது.

அளக்காமல் அனுப்பவில்லை. அறுத்த அன்றைக்கு வெர்னியர் அளவுகோலில் எல்லாம் 32 காட்டியது. திரும்பி வந்ததை அளந்தால் 32.4. ஒரு சட்டத்தில் யார் கண்ணுக்கும் படாது. 30 சட்டத்தில் 12 மி.மீ.

பெட்டியில் நுழையவில்லை என்றால் இழைத்துவிடலாம். தேனீயிடம் அந்தச் சமாதானம் செல்லாது. புழு வளர்க்கும் அடைக்கு அடை எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பது அதன் சொந்தக் கணக்கு. நம் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போனால், ஏழெட்டு அடை தாண்டியதும் அது கட்டும் கோடு சட்டத்தின் நடுவை விட்டு விலக ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு சட்டத்தையும் சேர்த்து ஒரே அடை. ஒன்றைத் தூக்கினால் மற்றது பிய்ந்து வரும்.

முதலில் ரம்ப மேஜையில் பலகையை ஒட்டித் தள்ளும் முட்டுக்கட்டை நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். நகரவில்லை. முட்டுக்கட்டையின் அடியில் மரத்தூள் சேர்ந்திருக்குமோ என்று அடுத்த சந்தேகம். ஆனால் தூள் சேர்ந்தால் பலகை ரம்பத்தின் பக்கம் தள்ளப்பட்டுச் சட்டம் ஒடுங்கத்தான் செய்யும், அகலாது. இதை யோசித்துப் பிடிக்க ஒரு மாலை போனது.

குற்றவாளி ஈரம். நல்ல வெயிலில் அறுத்து உடனே கட்டினேன். பிறகு மூன்று வாரம் மழை. மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில் உப்பும். நாம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் அந்த 32 மி.மீ. குறுக்குவாக்கில்தான் இருக்கிறது! நான்கு சதவீத ஈரம் ஏறினாலே, மரத்தைப் பொறுத்து, கால் மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும்.

இப்போது 34க்கு அறுத்து, நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி மூன்று வாரம் விடுகிறேன். அதற்குப் பிறகுதான் இழைப்புளி. ஒற்றைச் சட்டத்தை அளப்பதையும் விட்டுவிட்டேன். பலகையில் 320 மி.மீ. தள்ளி இரண்டு கட்டைகளை அறைந்து வைத்திருக்கிறேன். பத்துச் சட்டத்தை நெருக்கி நடுவில் இறக்க வேண்டும். சுத்தியல் கேட்டால் கழித்துவிடுவேன். லேசாக ஆடினால் பாஸ். குறைந்தால் மெல்லிய பட்டை செருகிக்கொள்ளலாம். கூடினால் ஒன்றும் செய்ய முடியாது. தவிர, இத்தாலியத் தேனீ இடுக்கெல்லாம் பிசின் பூசி அதுவே கொஞ்சம் அகலப்படுத்திவிடும்.

மரம் தருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் "நல்லாக் காய்ஞ்ச மரம்ங்க" என்பார். நடுவில் அறுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். வாங்கும்போதே ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து அடித்த மரத்தை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

வாங்குபவர்களிடம் என்ன தேனீ என்று கேட்டால், "தேன் கொடுக்கிற தேனீ" என்று பதில் வருகிறது. சட்டத்தின் அகலம் இத்தாலியத் தேனீக்கு 35 மி.மீ., பக்கங்கள் சாய்ந்த கென்யப் பெட்டியின் ஆப்பிரிக்கத் தேனீக்கு 32, இந்தியத் தேனீக்கு இன்னும் ஒடுக்கம். சிலர் புழு வளரும் பக்கத்துக்கு 32, தேன் பக்கத்துக்கு 38 என்று பிரித்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அறுப்பது சுகம், என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கிறார்கள்.

திரும்பி வந்ததற்குப் பதிலாகப் புதிய 30 தயார். நெருக்கி வைத்தால் 958. அடை கட்டத் தேனீக்கு வழிகாட்டும் அடிப்பக்க முக்கோணத்தை 16 சட்டத்துக்குத்தான் ஒட்டியிருக்கிறேன், பெட்டி விளிம்பில் உட்கார இரண்டு முனையிலும் இடம் விட்டு. அதன் கூரில் மெழுகை உருக்கி ஊற்றுவதில்லை, கட்டியாகவே அழுத்தித் தேய்க்கிறேன். பிடிப்பு நன்றாக இருக்கிறது. மீதி 14ஐ முடிக்காமல், பெட்டிக்குள் இடத்தைக் குறுக்க, சாய்வுப் பக்கத்தோடு ஒட்டி நிற்கும் தடுப்புப் பலகைக்கு அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கச் சாய்வு பெட்டிக்குப் பெட்டி மாறுவதால், ஆர்டர் தருபவர்கள் தங்கள் பெட்டியின் உள்பக்கத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினால் புண்ணியம்.