பழுது நீக்கும் கருவி யாருடைய பக்கம்?

சர்வர்களின் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுது நீக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஒரு மீட்புக் கருவி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். என் அனுபவத்தில் அது கண்டிப்பான ஒரு கணக்குப்பிள்ளை. டிஸ்க்கின் சிறு துண்டுகளான பிளாக்குகளில் எது எந்தக் கோப்புக்குச் சொந்தம், எது காலி, எந்த டைரக்டரி எந்த ஐநோடை (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) காட்டுகிறது என்ற பேரேடு நேராக வேண்டும். அதற்கு மேல் அதற்கு அக்கறை கிடையாது. பிளாக்கின் உள்ளே இருப்பது ஓர் அலுவலகத்தின் ஐந்தாண்டு வரவு செலவா, யாருக்கும் வேண்டாத தற்காலிகக் கோப்பா என்று அதற்குத் தெரியாது. சிதைந்த ஐநோடு ஒன்றை அழித்தால்தான் கணக்கு நேராகும் என்றால், தயங்காமல் அழித்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லி வெளியேறும். அது சொல்வது பொய்யும் அல்ல.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தத் துறையில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் செய்தி எது என்பது விளங்கும். மின்சாரம் போய் வந்த பிறகு லினக்ஸ் சர்வர் ஒன்று எழ மறுக்கிறது. எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகேயைக் கையால் இயக்கவும் என்று திரையில் பெரிய எழுத்தில் நிற்கிறது. சர்வர் எழும்போது தானாக ஓடும் சோதனை, ஐயத்துக்கு இடமில்லாத பழுதுகளை மட்டுமே திருத்தும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, ஒரு மனிதரைக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட மனிதர் வந்து என்ன செய்கிறார்? 'ஒய்' ஆப்ஷனைப் போட்டு எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். இயந்திரம் தன்னால் முடியாது என்று ஒப்படைத்த முடிவை மனிதர் திரும்பவும் இயந்திரத்திடமே தள்ளிவிடுவதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் அந்தப் பழக்கம் நீடிக்கிறது.

நான் முதலில் 'என்' ஆப்ஷனோடுதான் ஓட்டுவேன். அது எதையும் எழுதாது. என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும். மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சர்வர் இணைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும், கோப்பு முறைமையின் மேல் அதை ஓட்டினால் இல்லாத பிழைகளெல்லாம் தெரியும் என்பதால், முதலில் அதை அன்மவுண்ட் செய்துவிட வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: லினக்ஸின் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில் மின்சாரம் போனபோது முடியாமல் நின்ற மாற்றங்கள் ஜர்னல் என்ற முன்குறிப்பேட்டில் காத்திருக்கும். 'என்' ஆப்ஷன் அந்த ஜர்னலைத் தொடுவதில்லை. ஆகவே அது காட்டும் பிழைகளில் ஒரு பகுதி, ஜர்னலில் உள்ளதை நிறைவேற்றியதுமே மறைந்துவிடக்கூடியவை. காலி பிளாக் எண்ணிக்கை தப்பு, அழித்த ஐநோடில் அழித்த நேரம் இல்லை என்ற வகைப் புகார்கள் வந்தால் நான் கவலைப்படுவதில்லை. அவை மின்தடையின் வழக்கமான மிச்சங்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைப்பது வேறொன்று. முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாம் கட்டத்துக்குப் போகாமல், 1பி என்று ஒரு கட்டம் ஓட ஆரம்பிக்கும். ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் தங்களுடையது என்கின்றன என்று பொருள். இதற்கு எஃப்எஸ்சிகே தரும் தீர்வு, அந்த பிளாக்கைப் பிரதியெடுத்து ஆளுக்கொன்று கொடுப்பது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் பிளாக்கில் இருந்தது ஒருவருடைய தரவு மட்டுமே. குறைந்தது ஒரு கோப்பின் நடுவில் இப்போது அந்நியமான ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அளவு சரி, பெயர் சரி, உள்ளடக்கம் தவறு. கோப்பு காணாமல் போனால் யாராவது தேடுவார்கள். இப்படிக் கெட்டது வருடக்கணக்கில் பேக்கப்பிலும் ஏறிக்கொண்டே போகும்.

அப்படி ஒரு சர்வரை ஒருமுறை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் பார்த்தவர்கள் பழுது நீக்கியிருக்கிறார்கள், சுத்தமாகியிருக்கிறது, சில நாட்களில் மறுபடியும் அதே பிழை. டிஸ்க்கை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். பல சர்வர்களுக்குப் பொதுவான பகிர்வு ஸ்டோரேஜிலிருந்து ஒரு டிஸ்க்போல வரும் வால்யூம் அது. சர்வரை விட்டுவிட்டு, அந்த வால்யூம் யார் யாருக்குத் தெரிகிறது என்று ஸ்டோரேஜ் பக்கம் கேட்டோம். ஓய்வு பெற்றதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த பழைய சர்வர் ஒன்றும் அதை மவுண்ட் செய்து வைத்திருந்தது. இஎக்ஸ்டி4 ஒரு நேரத்தில் ஒரே கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) உரியது. ஒவ்வொரு கெர்னலும் எந்த பிளாக் காலி என்ற வரைபடத்தைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதை நம்பி எழுதும். இரண்டு பேரும் ஒரே காலி பிளாக்கைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டால் 1பி கட்டம் வராமல் என்ன செய்யும்? பழைய சர்வரைத் துண்டித்த பிறகு பிழை திரும்பவில்லை. இதைத் தடுக்க இஎக்ஸ்டி4இலேயே ஒரு வசதி இருக்கிறது: யாராவது மவுண்ட் செய்திருந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை குறிப்பிட்ட பிளாக் ஒன்றில் ஒரு எண்ணை மாற்றி எழுதிக்கொண்டே இருப்பார்கள், அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு மவுண்ட் செய்ய மறுப்பார். இயல்பாக அது இயக்கத்தில் இருப்பதில்லை. பகிர்வு ஸ்டோரேஜில் ஃபார்மட் செய்யும்போது நான் இப்போது அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பழுது நீக்கியபின் கட்டாயச் சோதனையாக இன்னொருமுறை ஓட்டிப் பார்க்காமல் நான் சர்வரைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டாவது ஓட்டம் மௌனமாக முடிய வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் புதுப் புதுப் பிழையாக வந்தால் கோப்பு முறைமையை விட்டுவிட வேண்டியதுதான். நினைவகமோ கேபிளோ கண்ட்ரோலரோ பொய் சொல்கிறது. டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளில் 199ஆம் வரியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுவேன். அது டிஸ்க்குக்கும் கண்ட்ரோலருக்கும் இடையிலான வழியில் தரவு கெட்டதன் கணக்கு. 197 ஏறினால் படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்க்கின் மிகச் சிறிய பகுதிகள்) சேர்கின்றன. அந்த நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேல் எழுதுவது. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, நகலின் மேல்தான் சோதனை. நகலெடுக்க நேரமில்லை என்பவர்களுக்குப் பிறகு மீட்பு நிறுவனத்துக்குக் காத்திருக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

ஃபார்மட் செய்யும்போது வரும் பிழைகள் இவ்வளவு கனமானவை அல்ல. ஆனாலும் அங்கேயும் கருவி மறுக்கும், மனிதர் வற்புறுத்துவார். மவுண்ட் ஆகவே இல்லாத டிஸ்க்கைப் பார்த்து, ஃபார்மட் கட்டளையான எம்கேஎஃப்எஸ், இது பயன்பாட்டில் இருக்கிறது, இங்கே கோப்பு முறைமை உருவாக்க மாட்டேன் என்று நிற்கும். வற்புறுத்தும் ஆப்ஷனைத் தேடுவதற்கு முன் டிஸ்க்குகளையும் அவற்றின் மேல் இருப்பவற்றையும் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே என்று ஒரு வரி தட்டினால் போதும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கூட்டும் பழைய ரெய்டு ஒன்றின் உறுப்பாக இருந்த டிஸ்க்கைக் கெர்னல் அடையாளம் கண்டு, தானாகவே ரெய்டைக் கூட்டியிருக்கும். அல்லது ஒரே டிஸ்க்குக்குச் செல்லும் பல வழிகளைக் கையாளும் மல்டிபாத் அதைப் பிடித்து வைத்திருக்கும். அல்லது டிஸ்க்குகளைத் திரட்டிப் பிரித்துக் கொடுக்கும் பழைய எல்விஎம் உயிர்த்திருக்கும்.

டிஸ்க்கின் தொடக்கத்தில் சில மெகாபைட் பூஜ்யங்களை எழுதிவிட்டால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை ஏன் பொய்க்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. டிஸ்க்கை எப்படிப் பகுதி பிரித்திருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி பார்டிஷன் அட்டவணையின் மறுபிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது. லினக்ஸ் மென்பொருள் ரெய்டின் குறிப்புகள் 1.2 வடிவத்தில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கின்றன; 0.90, 1.0 வடிவங்களில் அவையும் கடைசியில்தான். தலையை மட்டும் கழுவிய டிஸ்க், வேறொரு சர்வரில் செருகிய நாளில் பழைய பெயரோடு எழுந்து வரும். வைப்எஃப்எஸ் என்ற கட்டளை, டிஸ்க்கில் இருக்கிற இத்தகைய அடையாளங்களையெல்லாம் முதலில் காட்டிவிட்டு, கேட்டால் மட்டுமே அழிக்கும். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

கோப்பு முறைமையின் முகப்புக் குறிப்பான சூப்பர் பிளாக்கில் தவறான மேஜிக் எண் (வகையைக் காட்டும் அடையாள எண்) என்ற செய்தியும் பலரைப் பயமுறுத்துகிறது. இஎக்ஸ்டி குடும்பத்துக்கு அந்த எண், பதினாறடிமானத்தில், இஎஃப்53. அது இல்லை என்றால் அங்கே இஎக்ஸ்டி இல்லை என்று பொருள். சிதைந்துவிட்டது என்று அவசியமில்லை. பார்டிஷனைக் கொடுப்பதற்குப் பதில் முழு டிஸ்க்கைக் கொடுத்திருப்பார்கள், அல்லது அது எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமையாக இருக்கும். செய்தியே கீழே மாற்று சூப்பர் பிளாக்கின் எண்ணைக் கொடுத்து முயன்று பார்க்கச் சொல்வதால், அது என்னவென்று பார்க்காமலேயே முயல்கிறார்கள். உண்மையிலேயே சிதைந்திருந்தால் 4 கிலோபைட் பிளாக்கில் மறுபிரதிகள் 32768, 98304, 163840 என்ற இடங்களில் கிடைக்கும். இந்தப் பட்டியலைப் பெற வழக்கமாகச் சொல்லப்படும் வழி, ஃபார்மட் கட்டளையையே 'என்' ஆப்ஷனோடு ஓட்டி, செய்யாமல் சொல்ல மட்டும் வைப்பது. ஓர் எழுத்து விட்டுப்போனால் சொல்வதற்குப் பதில் செய்துவிடும் கட்டளையை, பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. எண்களை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

விண்டோஸ் பக்கம் இதற்கு இணையானது, ரா என்று காட்டப்படும் டிரைவ். விண்டோஸின் சோதனைக் கருவியான செக்டிஸ்க் அதைத் தொட மறுக்கும். திரை மட்டும், பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்யுங்கள் என்று பரிவோடு பொத்தானை நீட்டும். தனக்குப் புரியவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகச் செருகிய டிஸ்க்குகளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். சில பெட்டிகள் 512 பைட் செக்டார்களை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய பார்டிஷன் அட்டவணை, பெட்டியை விட்டு வந்ததும் எட்டில் ஒரு பங்கு தூரத்தைக் காட்டுகிறது. டிஸ்க்கைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

மெமரி கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபார்மட் வெற்றி என்று சொல்லிவிட்டு, கழற்றிச் செருகினால் பழைய படங்களெல்லாம் திரும்ப வந்தால் கார்டு தன் ஆயுளை முடித்து எழுத்தைப் பூட்டிக்கொண்டுவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்விகளுக்கு ஆமாம் சொல்வதற்கு முன் நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். 'என்' ஓட்டத்தின் வெளியீட்டை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து, அதில் அடிபடும் ஐநோடு எண்களை கோப்பு முறைமையின் உள்ளே நேரடியாகப் பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ் கருவியின் என்செக் கட்டளைக்குக் கொடுத்தால், எந்த எண் எந்தக் கோப்பு என்று பாதையோடு சொல்லும். பழுது நீக்கிய பிறகு கேட்டால் பல எண்களுக்குப் பெயரே இருக்காது. பெயரிழந்த கோப்புகளைப் போட்டு வைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டைரக்டரியில் வெறும் எண்களாகக் கிடக்கும். அந்தப் பட்டியலோடு தரவுக்கு உரியவரிடம் போகிறேன். இவை பாதிக்கப்படப் போகின்றன, இவற்றில் எதற்கு உங்களிடம் நல்ல பேக்கப் இருக்கிறது என்று கேட்கிறேன். சிலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் போகட்டும் என்கிறார்கள். சிலர் ஒரே ஒரு பெயரில் விரலை வைத்து, இதற்கு மட்டும் வேறு வழி பாருங்கள் என்கிறார்கள்; அந்த ஒரு கோப்பை டீபக்எஃப்எஸ் வழியாகவே, டிஸ்க்கில் எதையும் எழுதாமல், வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு அதன் பிறகு எஃப்எஸ்சிகேயை ஓட விடுகிறேன்.