யாரும் தொடக்கூடாது

குளியலறையில் நீல பக்கெட்டின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. ‘ஆராய்ச்சி நடக்கிறது. யாரும் தொடக்கூடாது. முக்கியமாக அம்மா.’ உள்ளே விளிம்பு வரை தண்ணீர். அதில் ஹாயாக மிதந்துகொண்டிருப்பது என் குதிகால் தேய்க்கும் கல்.

சின்னவனுக்கு முதலில் ரயில் பைத்தியம், பிறகு டைனோசர், இப்போது எரிமலை. டைனோசர் எவ்வளவோ தேவலை. செத்துப் போன ஜீவன், வீட்டிலிருந்து ஒரு சாமானும் கேட்கவில்லை. இது அப்படியா? “அம்மா, இது பியூமிஸ். எரிமலை கக்குன நுரை. எப்போ மூழ்குதுன்னு பாக்கணும்” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனான். ஒரு ராத்திரிதானே என்று விட்டால், காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொல்கிறான்: “சில கல்லு ஒரு வருஷத்துக்கு மேல கூட மிதக்குமாம்மா.”

சொல்வதென்னவோ நிஜம்தான். சிலிக்கா (மணலில் இருக்கிற அதே சரக்கு) நிறைய உள்ள பாறைக்குழம்பு பயங்கரப் பிசுபிசுப்பு, லேசில் ஓடாது. ஆழத்தில் அழுத்தம் இருக்கிறவரை நீராவியும் மற்ற வாயுக்களும் அதற்குள் கரைந்து கிடக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழ் குமிழாகப் பொங்கும். பிசுபிசுப்பில் மாட்டிய குமிழ்கள் சுலபமாக வெளியேற முடியாமல், கடைசியில் மலையையே உடைத்துக்கொண்டு கிளம்பும். அந்த நுரை அப்படியே இறுகினால் என் கல். அதே குழம்பு வாயுவை முன்னமே இழந்து, வெடிக்காமல் வழிந்து, படிகம் கட்ட நேரமில்லாமல் ஆறினால் அப்சிடியன் என்கிற கண்ணாடி. வெளியே தலையே காட்டாமல் பூமிக்குள் ஆயிரக்கணக்கிலோ லட்சக்கணக்கிலோ வருஷங்கள் எடுத்து நிதானமாக ஆறினால் கிரானைட். மூன்றும் ஏறக்குறைய ஒரே சரக்கு, ஆறின விதம்தான் வேறே. ரொம்ப சந்தோஷம். மூன்றில் என்னுடையதைத்தான் ஜப்தி செய்யணுமா?

“கிரானைட்னா சமையல் மேடை இருக்கே, அங்க போய் ஆராய்ச்சி பண்ணேன்டா” என்றேன்.

பெரியவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அது கிரானைட்டே இல்லம்மா” என்றாள்.

வீட்டில் ஒரு மௌனம். கறுப்பு கிரானைட் என்று விற்பதில் முக்கால்வாசி காப்ரோ, டோலரைட் வகையறாவாம். சிலிக்கா குறைந்த குழம்பு உள்ளேயே மெதுவாக ஆறினால் காப்ரோ, வெளியே வந்து சட்டென்று ஆறினால் பசால்ட். ஹவாய் தீவுகளில் சிவப்பாக வழிந்தோடுகிறதே, அது இந்த பசால்ட் கட்சி. 1,100 டிகிரிக்கு மேல் சூடு, ஆனால் இளகின சுபாவம். வாயு சுலபமாக வெளியேறிவிடுவதால் பெரிய ரகளை கிடையாது. வீடு வாசலை விழுங்கும், ஆனாலும் பெரும்பாலும் ஆள் எழுந்து நடந்து தப்பித்துவிடலாம்.

நான் அப்போது பார்த்தது என் வீட்டுக்காரர் முகத்தை. ‘கிரானைட் மேல சூடா வைக்காதே, விரிசல் விடும்’ என்று குக்கரை இறக்கும்போதெல்லாம் ஓடி வந்து துணி மடித்துப் போடுகிறவர் அவர். 1,100 டிகிரியில் பிறந்த கல்லுக்கு என் குக்கரிடமிருந்து பாதுகாப்பு!

மானத்தை மீட்க அவர் ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். பூமிக்குள்ளே பூராவும் நெருப்புக் குழம்புதான், ஓட்டை கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது என்று. சின்னவன் நடுவிலேயே கையைத் தூக்கினான். “இல்லப்பா. மேலோட்டுக்குக் கீழே கிட்டத்தட்ட எல்லாமே கெட்டிப் பாறை. பூமியோட பெரிய பாறைத் தட்டுகள் விலகுற இடத்துல அழுத்தம் குறைஞ்சு உருகும். இல்லாட்டி கடல் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில போகும்போது தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். அந்தத் தண்ணி பட்டுத்தான் பாறை உருகும்.”

“தண்ணி பட்டா கல்லு உருகுமா?” என்றார் என் மாமியார். “நாங்க அந்தக் காலத்துல தண்ணி ஊத்தி நெருப்பை அணைப்போம்.”

தண்ணீர் கலந்தால் பாறை உருகத் தேவையான வெப்பநிலை குறையும் என்று பேரன் விளக்கினான். “எல்லாம் தலைகீழா சொல்லிக் கொடுக்கிறாங்க” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு எனக்கு ஒரு புதுக் கல் வாங்கி வந்தார். உறையைக் கூடப் பிரிக்கவில்லை, சின்னவன் வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் போட்டான். டொப்பென்று அடிக்குப் போயிற்று. “இது பீங்கான்மா. ஆராய்ச்சிக்கு உதவாது. நீங்களே வச்சுக்குங்க” என்று தாராளமாகக் கொடுத்தான். இந்த வீட்டில் எனக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது, தோற்றதெல்லாம் எனக்கு.

இதையெல்லாம் மாமனார் கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காது மந்தமானதிலிருந்து யார் பேச்சிலும் அவர் தலையிடுவதில்லை. ராத்திரி மெதுவாக எழுந்து பக்கெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சின்னவன் அவர் காதருகே கத்தினான். 1883இல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இந்த மாதிரி கற்கள் கடலில் கூட்டம் கூட்டமாக மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போய் ஒதுங்கினவாம். வெடித்த சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருந்த ரோட்ரிக்ஸ் தீவில், பீரங்கி சுடுகிற மாதிரி கேட்டதாம்.

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்குக் கேட்டிருக்குமாடா?”

“கண்டிப்பா கேட்டிருக்கும் தாத்தா.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

“ஆனா தாத்தா, சத்தம் அவ்வளவு தூரம் வந்து சேர நாலு மணி நேரம் ஆச்சாம்.”

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. “நான் கூப்பிட்டாலும் அவருக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும்.”