அப்பத்தாவோட தும்பைப்பூ எண்ணெய்

ரெண்டு நாளா மூக்கடைப்பு, தலை பாறாங்கல்லு மாதிரி கனக்குது. இந்த மாதிரி நேரத்துல எனக்கு மாத்திரை ஞாபகமே வராது, அப்பத்தா காய்ச்சுற தும்பைப்பூ எண்ணெய் வாசம்தான் வரும்.

ஐப்பசில ரெண்டு மழை பெஞ்சா போதும், எங்க ஊரு தரிசு, வரப்பு, கம்மாக்கரை எல்லாம் தும்பையா நிக்கும். தண்ட உருட்டிப் பாத்தா நாலு பட்டையா இருக்கும், கணுவுக்குக் கணு ஒரு பச்சை உருண்டை, அதுல வெள்ளை வெளேர்னு பூ. பூவ மெதுவா உருவி அடிப்பக்கத்த உறிஞ்சினா துளியூண்டு தேன், ஸ்கூல் விட்டு வர்ற வழில எறும்புக்கும் எங்களுக்கும்தான் போட்டி.

அப்பத்தா ரெண்டு கை பூவ ஆய்ஞ்சு நல்லெண்ணெய்ல போட்டு சின்ன தீயில வைக்கும், பூவுல ஈரம் இருக்குற வரைக்கும் சடசடன்னு சத்தம் கேக்கும், சத்தம் நின்னா அதான் பதம், இறக்கி ஆறவச்சு உச்சந்தலைல தேச்சு வெந்நி ஊத்தும். சளி ரொம்ப முத்திட்டா இலைய நொச்சியோட போட்டு ஆவி புடிக்கச் சொல்லும். சொறி சிரங்குக்கு இலைய அரைச்சுப் பூசுறதும் உண்டு.

காலேஜ் படிக்கும்போது யாரோ சொன்னாங்கன்னு இலைச்சாற மூக்குல ரெண்டு சொட்டு விட்டேன், அய்யோ சாமி, ராத்திரி பூரா தும்மல். அத மட்டும் யாரும் செய்யாதீங்க.

ஒரே ஒரு விஷயத்துலதான் அப்பத்தாவுக்கும் எனக்கும் சண்டை, பாம்புக்கடிக்கும் தும்பைச்சாறுன்னு சொல்லும். நெறைய பாம்புக்கு விஷமே கெடயாது, விஷப்பாம்பு கடிச்சாகூட சில சமயம் விஷம் உடம்புல ஏறாது, அப்படிப் பொழச்சவங்க கணக்கெல்லாம் தும்பைக்குப் போயிருச்சு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேத்து ஒரே ஊசிதான், ஜிஎச்ல போடுவாங்க. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் குடுக்குறது யாருங்குறீங்க, மகாபலிபுரம் போற வழில வடநெம்மேலில 1978லருந்து இருக்குற, பாம்பு புடிக்கிற இருளர் பழங்குடி ஜனங்களோட கூட்டுறவு சங்கம். மூலிகைய நம்மளவிட நல்லாத் தெரிஞ்ச ஜனம் அவங்க. அதச் சொன்னதும்தான் அப்பத்தா கொஞ்சம் எறங்கி வந்துச்சு, "அப்ப ஊசிய போட்டுட்டு வந்து சாற குடிக்கட்டும்"னுச்சு.

இங்க எங்க தெருவுல ஒரு காலி மனைல தும்பை மொளச்சிருக்கு, ஆனா சுத்தி பூரா குப்பையும் நாய் மூத்திரமும், பறிக்க மனசு வரல. அம்மாவுக்கு போன் போட்டாச்சு, நாளைக்குக் காலைல ஊரு பஸ்ஸுல ஒரு பாட்டில் வருது.