சூரியக் கோபுரத்துக்குள் வெந்நீர் விட்டுப் பார்த்தேன்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் பெரும்பாலும் 33 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் வழியாக வெதுவெதுப்பான தண்ணீராக வெளியே போய்விடும். 40 டிகிரி சொச்சம் இருக்கும் அந்தத் தண்ணீரை வைத்து டர்பைனை ஓட்ட முடியாது. ஆனால் காற்றைச் சூடாக்கி மேலே எழுப்ப அந்தச் சூடே போதும். அதைச் சூரியக் கோபுரத்துக்குக் கொடுத்தால் எவ்வளவு உதவும் என்று பார்க்கத்தான் இந்தச் சின்ன மாதிரி.

சூரியக் கோபுரத்தின் அமைப்பு எளிது. தரையிலிருந்து சற்று உயரத்தில் கண்ணாடி போன்ற கூரை, நடுவில் உயரமான புகைபோக்கி. கூரைக்கு அடியில் சூடாகும் காற்று புகைபோக்கியில் ஏறும்போது விசிறியைச் சுழற்றும். ஸ்பெயினின் மன்சனாரெஸில் 195 மீட்டர் உயரக் கோபுரமும் 244 மீட்டர் விட்டக் கூரையும் கட்டி, 1982 முதல் 1989 வரை ஓட்டினார்கள். அதன் உச்சத் திறன் 50 கிலோவாட். உயரம்தான் இதன் உயிர். அந்த 195 மீட்டரிலேயே காற்று வாங்கிய வெப்பத்தில் 0.6 சதவீதம் அளவுக்குத்தான் கோபுரத்தால் காற்றோட்டமாக மாற்ற முடியும். 2 மீட்டர் குழாயில் மின்சாரம் அளப்பதற்கு அர்த்தமே இல்லை. அதனால் காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் மட்டும் அளந்தேன்.

10 செ.மீ. விட்டத்தில் 2 மீட்டர் பிவிசி குழாய், கறுப்பு பெயின்ட் அடித்த வட்டத் தகரம், அதற்கு மேலே 1.2 மீட்டர் விட்டத்துக்குத் தெளிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு. வெந்நீருக்கு 45 டிகிரியில் நிறுத்திய வாளி, மீன்தொட்டி பம்பு, வளைத்த செம்புக் குழாய். நல்ல வெயிலில் வெந்நீர் இல்லாமலே குழாய்க்குள் நொடிக்கு 0.9 மீட்டர் வேகம் வந்தது. உள்ளே நுழையும் காற்றைவிட மேலேறும் காற்று 28 டிகிரி கூடுதல்.

அடுத்து, செம்புக் குழாயை எங்கே வைப்பது? இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன். முதலில் நடுவில், புகைபோக்கியின் வாய்க்குக் கீழே. உச்சிவெயிலில் வேகம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது. வாளிக்குத் திரும்பிய தண்ணீரைத் தொட்டதுமே காரணம் தெரிந்தது: போனதைவிடச் சூடாக வந்தது! அந்த இடத்தில் காற்று 60 டிகிரியைத் தொடும், தகரம் அதற்கும் மேலே. 45 டிகிரித் தண்ணீர் அங்கே வெப்பத்தைக் கொடுக்காது, வாங்கிக்கொள்ளும். மின்நிலையத்தில் இப்படி நடந்தால் கண்டென்சர் குளிராது, அதன் வேலையே கெட்டுவிடும்.

அப்புறம் அதே குழாயை விளிம்பில், வெளிக்காற்று நுழையும் இடத்தில் சுற்றினேன். தண்ணீர் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குளிர்ந்து திரும்பியது, வேகமும் லேசாக ஏறியது. முதலில் கழிவு வெப்பம், அதற்கு மேல் வெயில். இந்த வரிசை மாறக்கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம்.

நண்பகலில் லாபம் சிறியதுதான், மறைக்கவில்லை. ஆனால் சூரியன் எழும் முன்பும் இருட்டிய பிறகும் கதை வேறு. வெறும் மாதிரியில் காற்றோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிற நேரத்தில், வெந்நீர் ஓடும்போது 0.4 மீட்டர் வேகம் விடாமல் இருந்தது. வேகம் பாதியானால் காற்றின் திறன் எட்டில் ஒரு பங்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் மின்நிலையம் ராத்திரியும் ஓடுகிறது, அதன் கழிவு வெப்பமும் ராத்திரியும் வருகிறது. சூரியக் கோபுரத்துக்கு இல்லாத நேரம் அதனிடம் இருக்கிறது.

எனக்கு இதில் இன்னும் பெரியதாகப் படுவது தண்ணீர். ஈரக் குளிர்கோபுரம் (தண்ணீரில் ஒரு பகுதியை ஆவியாக்கி மீதியைக் குளிரவைக்கும் கோபுரம்) உள்ள நிலக்கரி நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. மூடிய குழாயில் ஓடவிட்டு உலர்காற்றில் குளிர வைத்தால் அந்த இழப்பு இல்லை. பதிலுக்கு மிகப் பெரிய குழாய்ப் பரப்பு வேண்டும், செலவு கூரையைத் தாண்டி அங்கேதான் ஏறும் என்று நினைக்கிறேன்.

அடுத்து புகைபோக்கியை 4 மீட்டராக்கப் போகிறேன். வெப்பநிலை வித்தியாசம் அப்படியே நின்றால் வேகம் 1.4 மடங்காக வேண்டும். ஆனால் காற்று வேகமாகப் போனால் கூரைக்கு அடியில் சூடாகக் கிடைக்கும் நேரம் குறையும். அப்போது விளிம்பில் உள்ள செம்புக் குழாய்க்கு மெல்லிய அலுமினியத் தகடுகள் பொருத்தி, அது எவ்வளவு ஈடுகட்டுகிறது என்று அளக்க வேண்டும்.