சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பி, வத்தலக்குண்டில் தேநீர் குடிக்க நிறுத்திய எங்கள் பெட்ரோல் கார், கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டார் வேகமாகவே சுற்றியது; எஞ்சின்தான் பிடிக்கவில்லை. வயதான அம்மாவை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தவித்த பிறகு, அதே கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

அடுத்த இரண்டு வாரங்களில் இது மூன்று முறை நடந்தது. முதலில் காட்டிய பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டிக்கு அது தேவையற்ற செலவு என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது பட்டறையில், செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வரவில்லை என்று கண்டு, பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். அவர்கள் கவனித்தது சரிதான். ஆனால் காலையில் ஒருநாளும் தகராறு செய்யாத வண்டி ஓடி நின்ற பிறகு மட்டும் மறுப்பது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தபோது, பம்ப் சத்தத்துக்காகப் பின் இருக்கையில் காதை வைத்துக் கேட்டேன். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரித்து நின்றது. செல்ஃப் அடித்தபோதுதான் மௌனமாக இருந்தது. ஆகவே பம்ப்புக்கு உயிர் இருந்தது, அதை ஓடச் சொல்லும் கட்டளைதான் வரவில்லை. விபத்தில் எஞ்சின் நின்றுபோனால் பெட்ரோல் தொடர்ந்து பாயக் கூடாது என்பதற்காக, அந்த முதல் இரண்டு விநாடிக்குப் பிறகு, எஞ்சின் சுற்றுவதாகத் தகவல் வந்தால் மட்டுமே கட்டுப்பாட்டுக் கணினி பம்ப்பை ஓடவிடுகிறது. அந்தத் தகவலைத் தருவது, எஞ்சினின் முதன்மைத் தண்டு சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார். அது பேசாவிட்டால் பம்ப் மட்டுமல்ல, ஸ்பார்க்கும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் சேர்ந்தே நின்றுவிடும்.

கைப்பேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சினின் சுற்று வேகம் நிமிடத்துக்கு 200-க்கு மேல் காட்டியது. சூட்டில் மறுத்த நேரத்தில், எஞ்சின் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்க, எண் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை. பிழைக் குறியீடும் பதிவாகவில்லை. எஞ்சின் நின்றிருப்பதாகவே கணினி நம்பியிருந்தால் அது எதைப் பிழையென்று பதியும்?

எங்கள் காரில் கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில், இரண்டு கம்பிகளுடன் இருப்பது, உள்ளே கம்பிச் சுருள் கொண்ட வகைக் கிராங்க் சென்சார். வயரிங்கில் குறை இருந்துவிடக் கூடாதே என்று கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்தேன். காலையில் மின்தடை 870 ஓம். சூட்டில் மறுத்த வேளையில் மீட்டர் எதையும் காட்டவில்லை. சூட்டில் உள்ளே சுருளின் தொடர்பு விட்டுப்போயிருந்தது. ஈரத்துணியால் சென்சாரைச் சில நிமிடங்கள் மூடி வைத்ததும் ஓம் அளவு திரும்பியது, காரும் ஸ்டார்ட் ஆனது. ஓடும்போது வராத குறை நிறுத்திய பிறகு வருவதன் காரணமும் இதனுடன் தெளிந்தது: எஞ்சின் நின்றால் குளிர்விக்கும் நீரும் காற்றும் நின்றுவிடுகின்றன, எஞ்சினில் தேங்கிய வெப்பம் சுற்றியுள்ள பாகங்களுக்கு ஏறுகிறது.

சென்சாரை ஒரே ஒரு போல்ட் பிடித்திருந்ததால் புதியதை மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. மறு ஞாயிறு அதே வத்தலக்குண்டுக் கடையருகே வேண்டுமென்றே இருபது நிமிடம் நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. அன்றிரவு வீட்டில், பழைய சென்சாரை மேசையில் வைத்து முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினேன். சற்று நேரத்தில் மீட்டரில் இருந்த எண் மறைந்தது. ஆறியதும் 870 மீண்டும் வந்தது.