ஓய்வையும் சேர்த்து எழுதுங்கள்

"பத்து ரவுண்ட் ஓடிற்று வாங்க" என்ற ஒரே கட்டளையோடு பின்னேரப் பயிற்சியைத் தொடங்கும் மைதானங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இன்னும் உண்டு. அந்த வரிசையில் 100 மீற்றர் ஓடுகிறவளும் குண்டு போடுகிறவனும் 1500 மீற்றர்ப் பையனும் சேர்ந்தே ஓடுவார்கள். அந்தச் சுற்றுகளால் உருப்படியான பயன் பெறுவது 1500 மீற்றர்ப் பையன் மட்டும்தான். மற்ற இருவருக்கும் மிஞ்சுவது களைப்பு. அவர்களுக்கு வேண்டிய வேகமும் வலுவும் அன்றைக்கு வராது.

ஆளுக்கேற்ற திட்டம் என்றதும் நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது அட்டவணையா என்று பல ஆசிரியர்கள் மலைத்துப் போகிறார்கள். அவ்வளவு வேண்டாம். கொப்பியில் வேலையை எழுதும்போது பக்கத்தில் ஓய்வையும் நிமிடக் கணக்கில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. முழு வேகத்தில் ஓடத் தேவையான சக்தி தசையில் சில செக்கன்களுக்குத்தான் இருக்கும். அது மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் எடுக்கும். ஆகவே ஓடிய ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிட ஓய்வு. 30 மீற்றருக்கு மூன்று நிமிடம், 60க்கு ஆறு.

இதைச் செய்து பார்த்தால் மைதானம் சும்மா கிடப்பதுபோல் தோன்றும். அதிபர் எட்டிப் பார்த்தால், "என்ன, பிள்ளைகள் நிற்கிறார்களே" என்பார். நிற்கட்டும். ஆறு தடவை 30 மீற்றர் ஓடும் பிள்ளை முதல் மூன்றையும் 4.8 செக்கனில் ஓடி, நாலாவதை 4.9இல் முடித்து, ஐந்தாவதில் 5.1க்குப் போனால், அன்றைய வேகப் பயிற்சி அங்கேயே முடிந்தது. ஆறாவதை ஓடவிட்டால் அவள் பழகுவது மெதுவாக ஓடத்தான். தோள் இறுகுவதும் கால் பின்னால் இழுபடுவதும் அந்த ஓட்டத்தில்தான் தொடங்கும். தொடையின் பின்தசை பிடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

800, 1500 ஓடுபவர்களுக்குக் கணக்குத் தலைகீழ். அங்கே ஓய்வு முழுமையாக இருக்கக்கூடாது. 400 மீற்றரை ஆறு தடவை, இடையில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் மெல்லிய நடை. அடுத்த ஓட்டத்துக்கு முன் கழுத்தில் விரல் வைத்துப் பத்து செக்கன் எண்ணச் சொல்லுங்கள். இருபது துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 120; புறப்படலாம். இருபத்தைந்துக்கு மேலே நின்றால் வேகம் அவனுக்கு அதிகம், அல்லது இடைவேளை போதவில்லை. குண்டு போடுபவனுக்கு இருபது, இருபத்தைந்து எறிதல் தாராளம். அதில் பாதி நின்ற நிலையில், மீதி முழு அசைவில். அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதைவிட மருந்துப் பந்து எனப்படும் கனமான பயிற்சிப் பந்தை எறியவிடுவது மேல்.

ஒரே ஆசிரியர் மூன்று குழுவையும் பார்க்க முடியுமா என்றால், ஓய்வை எழுதி வைத்திருந்தால் முடியும். வேகக்காரர் மூச்சு வாங்கும் மூன்று நிமிடத்தில்தான் குண்டு எறிபவனின் கையையும் இடுப்பையும் பார்க்க நேரம் கிடைக்கும்.

கடும் வேகப் பயிற்சிகள் இரண்டுக்கு இடையில் 48 மணித்தியாலம் விட வேண்டும். திங்கள், வியாழன் வேகம் என்றால் செவ்வாய் நுட்பம் அல்லது அஞ்சலோட்டக் கோல் மாற்றம், இலேசாக. 4×100இல் கோல் மாற்றும் வலயம் இப்போது 30 மீற்றர். பழைய 20 மீற்றர் அடையாளத்தை வைத்தே இன்னும் பழக்குகிறவர்கள் உண்டு, அது வீண்.

வயதைப் பிறப்புச் சான்றிதழில் மட்டும் பார்த்தால் போதாது. பெண்பிள்ளைகள் 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகள் 14 அளவிலும் மளமளவென்று உயருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வைத்தால் அந்தக் காலம் பிடிபடும். அப்போது முழங்காற் சில்லுக்குக் கீழே வலி என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று தள்ளாமல் பாய்தலைக் குறைக்க வேண்டும்.

நம் பக்கத்து ஆண்டை வடிவமைப்பது மழை. கார்த்திகை, மார்கழியில் மைதானம் குளமாகிவிடும். தை பிறந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டி. இரண்டு மாதம் சும்மா இருந்த கால், இரண்டு கிழமையில் முழு வேகத்துக்குப் போகும். காயம் வராமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் வகுப்பறை விறாந்தையே போதும். ஒவ்வொன்றிலும் ஒரு உடற்பயிற்சியாக எட்டு நிலையம், 30 செக்கன் வேலை, 30 செக்கன் ஓய்வு, மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். வெயில் வந்தபின் ஓடும் தூரத்தைக் கிழமைக்குப் பத்து வீதமளவில் கூட்டலாம்.

கல்லடிக் கடற்கரை மணல் அடித்தளப் பயிற்சிக்கு நல்லது. ஆனால் மென்மணலில் பாதம் நிலத்தில் தங்கும் நேரம் கூடும். உச்ச வேகத்தை அங்கே பழக்க முடியாது. கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்கத்து இடுப்பும் கணுக்காலும் பாரம் சுமக்கும். போன தூரமே திரும்பி வர வேண்டும்.

சுடும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்றரைக்குப் பயிற்சி வைப்பது மடத்தனம். காலை ஆறுக்கு முடியாவிட்டால் ஐந்துக்குப் பிறகு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் நோன்பு மாதத்தையும் திட்டத்தில் முன்கூட்டியே குறிக்க வேண்டும். அது ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே வரும்; இப்போது இல்லப் போட்டிக் காலத்தோடு மோதுகிறது. நோன்பு பிடிக்கும் பிள்ளைக்குக் கடும் வேலையை நோன்பு திறந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்து வைக்கலாம். மைதானத்தில் வெளிச்சம் இல்லையென்றால் திறப்பதற்குச் சற்று முன் நுட்பப் பயிற்சி மட்டும்.

மாகாணப் போட்டிக்கு முந்திய பத்து நாளில்தான் அதிகம் கெடுகிறது. பயத்தில் வேலையைக் கூட்டுவார்கள். கூடாது: தூரத்தையும் தடவைகளையும் பாதியாக்கி, வேகத்தை மட்டும் அப்படியே வைக்க வேண்டும். போட்டி திருகோணமலைப் பக்கம் என்றால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து, பஸ்ஸில் மடங்கிக் கிடந்த காலுக்கு இருபது நிமிடம் மெல்லோட்டமும் நாலு வேகப் பாய்ச்சலும் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டும்.